வியாழனில் இரண்டு விநாடி

2009-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ந் தேதி இரவு, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முரம்பேட்மன் என்னும் சிற்றூரில், பதினாலரை அங்குலக் கண்ணாடி பொருந்திய தம் சொந்தத் தொலைநோக்கியை வியாழ கிரகத்தின்மேல் திருப்பி வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்த அந்தோணி வெஸ்லி என்பவர், காற்று மண்டலத்தின் நிலை வரவரச் சீர்கெட்டுக் கிரகத்தின் உருவம் திரையில் நிலைகொள்ளாமல் அலையத் தொடங்கவே, அன்றைக்கு இவ்வளவு போதும் என்று கருவிகளை மூடி வைத்துவிட எண்ணினார். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது அவருக்குத் தொழில். கிரகங்களைப் பார்ப்பது வீட்டுக்கு வந்தபின் மேற்கொள்ளும் பொழுதுபோக்கு. அன்றிரவு லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் அவருடைய நாட்டுக்கும் இங்கிலாந்துக்கும் ஆஷஸ் கிரிக்கெட் ஆட்டமும், ஸ்காட்லாந்தில் ஓபன் கோல்ப் போட்டியும் நடந்துகொண்டிருந்தபடியால், அரைமணி நேரம் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துவிட்டு வருவோம், அதற்குள் ஆகாயம் தெளிந்தாலும் தெளியலாம் என்று அவர் வீட்டுக்குள் போனார்.

திரும்பி வந்தபோது ஆகாயம் முன்னைக் காட்டிலும் தெளிவாயிருந்தது. கிரகத்தின் தென்துருவத்தை அடுத்த விளிம்பில் கருமையான புள்ளி ஒன்று மெல்ல உருண்டு வந்துகொண்டிருந்தது. துருவப் பிரதேசத்தில் அவ்வப்போது தோன்றி மறையும் சாதாரணப் புயல்களில் ஒன்றுபோலும் என்று முதலில் நினைத்தவர், புள்ளி விளிம்பைவிட்டு உள்ளே நகர நகர, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய எந்த வடிகட்டியைப் பொருத்திப் பார்த்தாலும் அது ஒரே மாதிரிக் கறுப்பாகவே தெரிவதைக் கண்டு திகைத்தார். வியாழனுடைய சந்திரன்களில் ஒன்று தன் நிழலைக் கிரகத்தின்மேல் விழச் செய்யும்போது அப்படித்தான் கறுப்பாகத் தெரியும். ஆனால் கணக்கின்படி அந்த வேளையில் அந்த இடத்தில் சந்திரனும் இல்லை, சந்திரனுடைய நிழலும் இல்லை. இரண்டு நாள் முன்பு அதே பிரதேசத்தைத் தாமே எடுத்த படங்களைத் தேடியெடுத்துப் பார்த்தார். அவற்றில் புள்ளி இல்லை. அதற்குமேல் அவர் தாமதிக்கவில்லை. தமக்குத் தெரிந்த வானியலார்க்கெல்லாம் செய்தி அனுப்பினார்.

அமெரிக்காவில் பாசடீனா நகரத்து ஜெட் புரொபல்ஷன் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த கிளென் ஆர்ட்டன், லீ பிளெட்சர் ஆகியோர், ஹவாயித் தீவில் மௌனா கீ சிகரத்தின்மேல் இருக்கும் மூன்று மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியை வியாழனின்பால் திருப்பினார்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த அதே இடம், அகச்சிவப்பில் ஜொலித்தது. மேகங்களுக்கு வெகு உயரத்தில் ஏதோ துகள்கள் பரவிச் சூரிய ஒளியைப் பிரதிபலிக்கின்றன என்பதற்கு அது சாட்சி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே போன்ற காட்சியை வானியலார் கண்டிருந்தார்கள். நான்கு நாள் கழித்து, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் சில வாரங்களுக்கு முன்பே விண்வெளி வீரர்கள் பொருத்திவிட்டு வந்திருந்த புதிய காமிராவின் பரிசோதனைகளை இடையில் நிறுத்தி அந்த வடுவைப் படமெடுத்தார்கள். பசிபிக் மாக்கடலின் பரப்புக்கு ஒப்பிடத்தக்க பரப்பில் அது கிடந்தது. கிரகத்தின் மறுபக்கத்தில் எப்போதோ ஏதோ ஒன்று விழுந்திருக்கிறது. விழுந்ததை உலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. விழுந்த இடத்தை முதலில் பார்த்தவர் கிரிக்கெட் பார்க்க எழுந்துபோய்த் திரும்பிய ஒருவர்.

இந்தச் சம்பவத்தைத் தற்செயல் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் வியாழன்மேல் விழுந்த பொருள்களைப் பற்றி இதுவரை நாம் அறிந்திருப்பதையெல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்தால், கழித்துவிட இருந்த நேரத்திலும், வீசிவிட இருந்த படச்சுருளிலும், அழித்துவிட இருந்த பதிவிலுமே பெரும்பாலான செய்திகள் அகப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அவ்வளவு முறையும் தற்செயல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பெரிய தொலைநோக்கிகளுக்கும் சிறியவற்றுக்கும் உள்ள வேற்றுமை கண்ணாடியின் அகலத்தோடு நின்றுவிடுவதில்லை. எட்டு மீட்டர், பத்து மீட்டர் கண்ணாடிகளை உடைய ஆராய்ச்சிசாலைகளில், ஒரு விஞ்ஞானிக்கு ஓர் இரவு கிடைக்க வேண்டுமானால் மாதக்கணக்கில் முன்னதாக விண்ணப்பம் எழுதி, எதைப் பார்க்கப் போகிறார், ஏன் பார்க்கப் போகிறார் என்று விளக்கி, குழுவினரின் சம்மதம் பெற வேண்டும். ஏதாவது நடந்தாலும் நடக்கலாம், ஆகையால் ஆண்டு முழுவதும் வியாழனையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன் என்று எழுதிய விண்ணப்பத்துக்கு எந்தக் குழுவும் நேரம் ஒதுக்காது, ஒதுக்கவும் கூடாது. வீட்டு மாடியில் எட்டு அங்குலம், பத்து அங்குலம், பன்னிரண்டு அங்குலக் கருவிகளை வைத்திருக்கும் அமெச்சூர் வானியலார் ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பயன் உண்டா என்று அவர்களை வினவுவாரும் இல்லை. அவர்களுடைய மனைவிமார் வினவினால் அது வேறு விஷயம். 1933-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி சனி கிரகத்தில் திடீரென்று கிளம்பிய பெரிய வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்து அறிவித்தவர், லண்டன் மேடைகளிலும் சினிமாவிலும் சிரிப்பு மூட்டிப் பிழைத்த வில் ஹே என்ற நடிகர். அவரிடம் இருந்தது ஆறு அங்குலத் தொலைநோக்கி.

வியாழன்மேல் வால்நட்சத்திரம் விழக்கூடும் என்பதையே உலகம் நேரில் கண்டு நம்பியது 1994-இல்தான். அதன் பூர்வகதையும் கழிவில் தொடங்குகிறது. 1993 மார்ச்சு மாதக் கடைசியில், கலிபோர்னியாவின் பாலோமர் மலைமேல், பதினெட்டு அங்குல ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு, யூஜீன் ஷூமேக்கர், அவர் மனைவி கரோலின் ஷூமேக்கர், டேவிட் லெவி ஆகியோர் ஆகாயத்தைப் பகுதி பகுதியாகப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். யூஜீன் பேர்பெற்ற பூகர்ப்ப சாஸ்திரி. கரோலின் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு ஐம்பது வயதுக்குப் பிறகு இத்துறைக்கு வந்து முப்பத்திரண்டு வால்நட்சத்திரங்களைக் கண்டெடுத்தவர். லெவியோ ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று, வீட்டுக் கொல்லையிலிருந்து வால்நட்சத்திரம் தேடியே பெயர் பெற்றவர். அவர்கள் வைத்திருந்த படச்சுருள் பெட்டியை யாரோ தவறுதலாகத் திறந்துவிட்டதனால், மேலாக இருந்த சுருள்களில் வெளிச்சம் பட்டு ஓரங்கள் கெட்டுப்போயிருந்தன. அன்றிரவு மேகமும் வந்து மூடிக்கொண்டிருந்தது. நல்ல சுருளை இப்படிப்பட்ட இரவில் வீணாக்குவானேன் என்று, எப்படியும் தூக்கியெறிய வேண்டிய அந்தக் கெட்ட சுருள்களை, மேகத்தின் இடைவெளி வழியே வியாழன் இருந்த திசையில் செலவழித்தார்கள்.

இரண்டொரு நாளில் அந்தப் படங்களை ஜோடி ஜோடியாக நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்த கரோலின், ஒரு வால்நட்சத்திரத்தை யாரோ மிதித்து நசுக்கிவிட்டாற்போல் நீண்டு கிடந்த விசித்திரமான கோடு ஒன்றைக் கண்டார். அரிசோனாவில் கிட் பீக் மலைமேலிருந்த ஜிம் ஸ்காட்டி என்பவரிடம் சொல்லிப் பார்க்கச் செய்தபோது, அது ஒரே கோடன்று, வரிசையாகச் செல்லும் பல துண்டங்கள் என்பது தெளிவாயிற்று. பிரையன் மார்ஸ்டன் என்ற வானியலார் போட்ட கணக்கு இன்னும் வியப்பானது. அந்த வால்நட்சத்திரம் சூரியனை விட்டுவிட்டு வியாழனையே சுற்றிக்கொண்டிருந்தது. 1992 ஜூலை 7-ந் தேதி கிரகத்தின் மேகங்களுக்குச் சில பதினாயிரம் கிலோமீட்டர் அருகே சென்றபோது, அதன் அண்மைப் பக்கத்தையும் சேய்மைப் பக்கத்தையும் வியாழனின் ஈர்ப்பு வெவ்வேறு வலுவோடு இழுத்ததால் உடைந்து போயிற்று. 1994 ஜூலையில் துண்டங்கள் அனைத்தும் திரும்பி வந்து கிரகத்தின்மேலேயே மோதும்.

மோதினால் என்ன தெரியும் என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. ஒன்றுமே தெரியாமல் புஸ்ஸென்று போய்விடும் என்று பால் வைஸ்மன் என்ற விஞ்ஞானி நேச்சர் பத்திரிகையில் எழுதிய கட்டுரை, முதல் துண்டம் விழுவதற்கு இரண்டே நாள் முன்பு வெளியாயிற்று! ஜூலை 16 முதல் 22 வரையில், விநாடிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டங்கள் விழுந்தன. விழுந்த இடம் பூமியிலிருந்து நோக்கினால் விளிம்புக்குச் சற்று அப்பால் மறைந்திருந்தும், விளிம்புக்கு மேல் மூவாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்குப் புகை எழும்பியதை ஹப்பிள் படமெடுத்தது. 18-ந் தேதி விழுந்த, ஜி என்று பெயரிட்ட துண்டம் விட்டுச்சென்ற கறை, நம் பூமியின் குறுக்களவுக்கு ஏறக்குறையச் சமானமாயிருந்தது. பையன்கள் கையில் இருந்த இரண்டரை அங்குலத் தொலைநோக்கிகளிலும் அந்தக் கறைகள் தெரிந்தன. தொலைநோக்கி கண்டுபிடித்த நாள் முதல், வியாழனில் அவற்றைப் போல் அவ்வளவு எளிதாகக் கண்ணில் பட்ட புள்ளிகள் வேறு இருந்ததில்லை என்று அனுபவசாலிகள் அப்போது சொன்னார்கள்.

அதற்குப் பிறகும், இத்தகைய மோதல்கள் ஆயிரம் ஆண்டுக்கொரு முறையோ, சில நூறாண்டுக்கொரு முறையோ நிகழ்வன என்றுதான் பலரும் கருதியிருந்தார்கள். பதினைந்தாவது ஆண்டு வெஸ்லியின் கறுப்புப் புள்ளி வந்து அந்தக் கணக்கைக் குலைத்தது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. 1994-ஆம் ஆண்டுக் கறைகளைச் சூழ்ந்து புற ஊதா ஒளியில் தெரிந்த மெல்லிய தூசி வளையம், 2009-ஆம் ஆண்டுக் கறையைச் சுற்றிக் காணப்படவில்லை. வால்நட்சத்திரமாயிருந்தால் தன்னோடு தூசிப்படலத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். அது இல்லாமையால், 2009-இல் விழுந்தது சில நூறு மீட்டர் குறுக்களவுள்ள சிறு கோள், அதாவது ஒரு பாறையாகவே இருக்க வேண்டும் என்று ஹைடி ஹாமெல் முதலிய வானியலார் ஊகித்தார்கள். முதல் நாள் செய்தியில் உலகமெங்கும் வால்நட்சத்திரம் என்று பேசியது, ஓராண்டுக்குள் பாறையாக மாறிவிட்டது.

மறு ஆண்டு நடந்தது இதைவிட அபூர்வம். 2010 ஜூன் 3-ந் தேதி, அதே வெஸ்லி வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருக்கையில், திரையில் ஓடிக்கொண்டிருந்த நேரடிக் காட்சியிலேயே, கிரகத்தின் மேல் ஒளிப்பொறி ஒன்று தோன்றி, பெரிதாகி, இரண்டு விநாடியில் அணைந்தது. பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபு நகரத்தில், மரச்சாமான் தொழில் நடத்தும் கிறிஸ்டபர் கோ என்பவரும் அதே வேளையில் வியாழனைப் பதிவு செய்துகொண்டிருந்தார். செய்தி எட்டியதும் தம் வீடியோவை ஓட்டிப் பார்த்தார். அதே கணத்தில் அதே இடத்தில் அதே பொறி இருந்தது. வெஸ்லி அப்போது சிவப்பு வடிகட்டியும், கோ நீல வடிகட்டியும் பொருத்தியிருந்தது யாரும் திட்டமிட்டதன்று. ஆனால் இரண்டு நிறத்திலும் ஒளியின் அளவு கிடைத்தபடியால், ஸ்பெயினில் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிக்கார்டோ ஹூஸோவும் அவர் கூட்டாளிகளும் அந்தப் பொறியின் ஆற்றலைக் கணித்து, விழுந்தது எட்டு முதல் பதின்மூன்று மீட்டர் குறுக்களவுள்ள ஒரு பொருள் என்று நிர்ணயிக்க முடிந்தது. சுமார் 78 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஓட்டு வீட்டளவுள்ள கல் எரிந்ததை இருவர் பார்த்திருக்கிறார்கள்! 2013-இல் ருஷியாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே வெடித்து ஜன்னல் கண்ணாடிகளை நொறுக்கிய கல் சுமார் இருபது மீட்டர். வியாழனில் விழுந்தது அதைவிடச் சிறிதாயினும், அங்கே ஈர்ப்பினால் வேகம் மூன்று மடங்கு ஆகிவிடுகிறபடியால், வெளிப்பட்ட ஆற்றல் இரண்டிலும் ஒரே தரத்தது. பிறகு ஹப்பிள் பார்த்தபோது வியாழனில் ஒரு கீறலும் இல்லை.

அதே 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானில் குமாமோட்டோ நகரத்து மசாயுகி தாச்சிக்காவா இன்னொரு பொறியைப் பதிவு செய்தார். டோக்கியோவிலும் தொயாமாவிலும் இருந்த வேறு அன்பர்களின் வீடியோக்களிலும் அது இருந்தது. அப்படியானால் இத்தனை காலமும் இவை ஏன் அகப்படவில்லை என்ற கேள்வி எழுகிறது. இதற்குரிய விடைதான் இந்த விஷயத்தில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி.

இந்நாளில் கிரகங்களைப் படமெடுப்போர் ஒரே ஒரு புகைப்படம் எடுத்துத் திருப்தி அடைவதில்லை. பூமியின் காற்று மண்டலம் ஓயாது அசைந்துகொண்டிருப்பதால் ஒரு கணம் தெளிவாயிருக்கும் உருவம் மறுகணம் கலங்குகிறது. ஆகையால் சிறிய வீடியோ காமிராவைக் கொண்டு, விநாடிக்கு அறுபது பிரேம் வீதம், சுமார் மூன்று நிமிஷம் பதிவு செய்கிறார்கள். வியாழன் பத்து மணிக்கும் குறைவான நேரத்தில் தன்னைத்தானே சுற்றிவிடுகிறபடியால் அதற்குமேல் நீட்டினால் உருவம் இழுபட்டுவிடும். கிடைக்கும் 10,800 பிரேம்களையும் கம்ப்யூட்டர் தரம் பிரித்து, தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறது. நெல்லைப் புடைப்பதுபோல் பதரெல்லாம் பறந்து, அழகான, நிசப்தமான ஒரு சித்திரம் மிஞ்சுகிறது. ஆனால் இரண்டு விநாடி மட்டும் ஒளிர்ந்த பொறி, அந்தப் பதினாயிரத்துச் சொச்சம் பிரேம்களில் நூற்றிருபதில்தான் இருக்கும். அந்த நூற்றிருபதும் கலங்கியவையாயிருந்தால் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கப்படும். தெளிவாயிருந்தாலோ சராசரியில் தொண்ணூற்றில் ஒரு பங்காகக் கரைந்து அடையாளமே தெரியாமல் போகும். அழகான படம் வேண்டும் என்ற முயற்சியே சம்பவத்தை அழித்துவிடுகிறது. படம் தயாரானதும் வட்டில் இடம் வேண்டும் என்று மூல வீடியோவையும் பலர் அழித்துவிடுவது வழக்கம். பத்திரிகைகளில் வெளியான எத்தனை அழகான வியாழன் படங்களுக்குள் இப்படி ஒரு பொறி புதைந்து கிடக்கிறதோ, யார் கண்டார்!

2012 செப்டம்பர் 10-ந் தேதி விடியற்காலையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து டான் பீட்டர்சன், படமெடுக்கலாமா, வெறுமனே பார்க்கலாமா என்று யோசித்து, காமிராவை எடுக்காமல் கண்ணாலேயே பார்ப்பது என்று தீர்மானித்துத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிரகத்தின் விளிம்பருகே வெண்மையான பொறி மின்னி மறைந்தது. காமிராவோடு இருந்திருந்தால், குவியத்தைச் சரிசெய்வதிலும் அளவுகளை மாற்றுவதிலும் அந்த இரண்டு விநாடியைத் தவறவிட்டிருப்பேன் என்று அவர் பிறகு சொன்னார். ஆயினும் ஒற்றைக் கண்ணின் சாட்சியத்தை மட்டும் வைத்து விஞ்ஞானம் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் அன்று வியாழனை வீடியோ எடுத்திருந்த ஜார்ஜ் ஹால், பீட்டர்சன் பார்த்ததாகச் சொன்ன செய்தியைக் கேள்வியுற்றுத் தம் பதிவைத் திருப்பிப் பார்த்தார். அதில் பொறி இருந்தது. கண்ணால் கண்டவரிடம் பதிவு இல்லை. பதிவு வைத்திருந்தவர் கண்டிருக்கவில்லை. இருவரும் சேர்ந்த பிறகே அது நிகழ்ச்சியாயிற்று.

ஆஸ்திரியாவின் மெட்லிங் ஊரைச் சேர்ந்த கெரிட் கெர்ன்பவர் விஷயம் இன்னும் சுவாரசியமானது. 2016 மார்ச்சு 17-ந் தேதி அவர் எட்டு அங்குலத் தொலைநோக்கி கொண்டு எடுத்த வீடியோக்கள், அன்றைய காற்றின் நிலை நன்றாயில்லாமையால் அவருக்கே பிடிக்கவில்லை. அவற்றை என்ன செய்வது என்று பத்து நாள் தொடாமலே வைத்திருந்து, பிறகு அரைமனத்தோடு ஓட்டிப் பார்த்தபோது விளிம்பில் பொறி ஒன்று தென்பட்டது. அயர்லாந்தில் டப்ளின் நகருக்கு அருகே ஜான் மக்கியோன் என்பவரும் அதே இரவு பதினோரங்குலத் தொலைநோக்கியால் எடுத்த பதிவில் அதே பொறியைக் கண்டெடுத்ததால் சந்தேகம் தீர்ந்தது.

சந்தேகம் தீர்வது அவ்வளவு எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். காமிராவின் சில்லில் பழுதான ஒரு புள்ளி இருந்தால் அது எப்போதும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஒன்று சில்லில் பட்டால் ஒரே பிரேமில் மட்டும் ஓர் ஒளித்துளி விழும். செயற்கைக் கோளோ விமானமோ குறுக்கே போனால் கோடு போட்டுக்கொண்டு போகும். மெய்யான பொறி அப்படியன்று. காற்றின் அசைவில் கிரகத்தின் உருவம் எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கமே அதுவும் ஆடும். அந்தக் கணத்தில் ஒரு நட்சத்திரம் எவ்வளவு பரந்து தெரியுமோ அவ்வளவே அதுவும் பரந்து தெரியும். சட்டென்று ஏறி, சற்றுத் தயங்கி, இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொருவருடைய பதிவிலும் அதே விநாடியில் அதே இடத்தில் இருக்க வேண்டும். பூமிக்கு அருகே பறக்கும் எந்தப் பொருளும் அவ்வளவு தூரத்தில் உள்ள இருவருக்கும் ஒரே நேரத்தில் வியாழனின் ஒரே இடத்தை மறைத்து நிற்க இயலாது. ஒருவர் பதிவில் மட்டும் இருந்து இரண்டாவது சாட்சி கிடைக்காத பொறிகள், இருக்கலாம் என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன.

பிரான்சு தேசத்து மார்க் டெல்குரோவா, தாமும் அமெச்சூர் வானியலாராகவே இருந்து, ஹூஸோவோடு சேர்ந்து, டிடெக்ட் என்ற கம்ப்யூட்டர் நிரலை வளர்த்து இலவசமாக வழங்கியிருக்கிறார். அழகான படம் தயாரிப்பதற்கு முன்னதாகவே மூல வீடியோவைப் பிரேம் பிரேமாகச் சோதித்து, முந்திய பிரேமில் இல்லாத ஒளி எங்கேனும் தோன்றுகிறதா என்று அது பார்க்கிறது. 2019 ஆகஸ்டு 7-ந் தேதி டெக்சாஸில் ஈதன் சாப்பெல் கண்ட பொறியும், 2021 செப்டம்பர் 13-ந் தேதி பிரேசிலில் சாவ் பாவ்லோவை அடுத்த சாவ் காயெடானோ டோ சுல் நகரத்தில் ஜோசே லூயிஸ் பெரேரா கண்டதும் அந்த நிரலின் உதவியால் அகப்பட்டவை. பெரேராவின் முதல் வீடியோவிலேயே, எடுக்கும்போதே, வழக்கத்துக்கு மாறான ஓர் ஒளி அவர் கண்ணில் பட்டதாம். கருவியின் அளவுகளைத் தாம் மாற்றி வைத்திருந்ததனால் வந்த கோளாறு என்று எண்ணி அதைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடர்ந்து, வீடியோக்களை நிரலிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போனார். காலையில் எழுந்தபோது, மோதலாயிருக்கப் பெரிதும் இடமுண்டு என்று நிரல் எழுதிவைத்திருந்தது.

டெல்குரோவா தம் அன்பர்களிடம் கேட்பது பொறி அகப்பட்ட வீடியோக்களின் செய்தியை மட்டுமன்று. ஒன்றுமே அகப்படாதவற்றின் பதிவேட்டையும் அனுப்பச் சொல்கிறார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆனால் எத்தனை மணி நேரம் பார்த்து எத்தனை பொறி கண்டோம் என்பது தெரிந்தாலொழிய, ஆண்டுக்கு எத்தனை விழுகின்றன என்று கணக்கிட வழியில்லை. வியாழனின் ஒரு பாதிதான் நமக்குத் தெரிகிறது, பகலில் பார்க்க முடியாது, மழைக்காலத்தில் முடியாது, பதின்மூன்று மாதத்துக்கு ஒருமுறை சூரியனுக்குப் பின்னால் போய் வாரக்கணக்கில் மறைந்துவிடுகிறது. இவ்வளவையும் கழித்து, வெறுமையான இரவுகளையெல்லாம் வகுக்கும் எண்ணில் சேர்த்துப் பார்த்ததில், ஐந்து முதல் இருபது மீட்டர் வரையுள்ள பொருள்கள் ஆண்டுக்குப் பத்து முதல் அறுபத்தைந்து வரை வியாழன்மேல் விழுகின்றன என்று 2018-இல் ஹூஸோவும் மற்றவர்களும் மதிப்பிட்டார்கள். மேலெல்லையும் கீழெல்லையும் இவ்வளவு அகன்று நிற்பது, இன்னும் வெறுமையான இரவுகள் போதவில்லை என்பதனால்தான்.

நம் ஊர்ப் பஞ்சாங்கங்கள் குரு பார்வையைக் கோடி நன்மை என்று கொண்டாடுவதைப் போலவே, மேல்நாட்டு ஜனரஞ்சக நூல்களிலும் வியாழன் பூமிக்கு ரட்சகன், வருகிற வால்நட்சத்திரங்களையெல்லாம் தானே தாங்கிக்கொண்டு நம்மைக் காக்கிறான் என்று எழுதும் ஒரு மரபு உண்டு. 1770-இல் சார்லஸ் மெஸ்ஸியே கண்டெடுத்த வால்நட்சத்திரத்தின் வரலாற்றைப் படித்தவர்கள் அவ்வளவு துணிந்து சொல்லமாட்டார்கள். ஆண்டர்ஸ் லெக்ஸெல் என்ற கணித வல்லுநர் அதன் பாதையை ஆராய்ந்தபோது, 1767-இல் வியாழனுக்கு அருகே சென்றதனால்தான் அது திசைமாறி உள்ளே வந்தது என்று தெரிந்தது. வந்தது பூமிக்குச் சுமார் 22 லட்சம் கிலோமீட்டர் அருகில், அதாவது சந்திரனைப்போல் ஆறு மடங்கு தூரத்தில், கடந்து போயிற்று. 1779-இல் மீண்டும் வியாழனிடம் சிக்கி வெளியே விரட்டப்பட்ட பிறகு அதை யாரும் கண்டதில்லை. அனுப்பிவைத்ததும் வியாழன், அப்புறப்படுத்தியதும் வியாழன். கணக்கில் எது மிகுதி என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பொறிகளை எண்ணுவது அந்த வாதத்துக்கும் வேண்டியிருக்கிறது.

தொழில்முறை விஞ்ஞானிகளும் இப்போது சிறு கருவிகளின் பெருமையை உணர்ந்திருக்கிறார்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோ அரிமத்ஸு, இதற்கென்றே அடக்கமான ஒரு தொலைநோக்கியையும் வேகமான காமிராக்களையும் அமைத்து, 2021 அக்டோபர் 15-ந் தேதி பெரிய பொறி ஒன்றைப் பிடித்தார். 1908-இல் சைபீரியாவின் துங்குஸ்காக் காட்டை அழித்த வெடிப்போடு ஒப்பிடத்தக்க ஆற்றல் அதற்கு இருந்ததென்று அவர் குழுவினர் கணித்தார்கள். பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ஒருவர் இதற்காக அமெச்சூர்களின் அளவுக்கு இறங்கி வந்தார் என்று சிலர் சொல்லக்கூடும். ஏறி வந்தார் என்று சொல்வதே நமக்குச் சரியாகப் படுகிறது.

பழைய ஏடுகளைப் புரட்டும் வேலையும் ஒருபுறம் நடந்து வருகிறது. 1690 டிசம்பர் 5-ந் தேதி, பாரிஸ் வானாராய்ச்சிசாலையில் ஜியோவன்னி கஸ்ஸீனி வியாழனில் புதிய கரும்புள்ளி ஒன்றைக் கண்டு வரைந்து வைத்தார். அந்தப் புள்ளி உருவம் மாறிக் கிழக்கு மேற்காக நீண்டுகொண்டே போனதையும் பதினெட்டு நாள் தொடர்ந்து வரைந்தார். 1994-ஆம் ஆண்டுக் கறைகளைக் கண்டபின், ஜப்பானியரான இஷி தாபே அந்தச் சித்திரங்களைத் தேடிப் பார்த்து, புள்ளி தோன்றிய விதமும், காற்றின் வேகத்தில் அது சிதைந்து நீண்ட விதமும், வால்நட்சத்திரம் விழுந்த கறையோடு ஒத்திருப்பதாக 1997-இல் தம் தோழர்களோடு எழுதினார். புயலாகவும் இருந்திருக்கலாம் என்று மறுப்பாருக்கும் இடம் இருக்கத்தான் செய்கிறது. கஸ்ஸீனி முதல் நாள் புள்ளியை மட்டும் வரைந்துவிட்டு மற்ற நாள்களைக் குறித்து வைக்காமல் விட்டிருந்தால், அந்த மறுப்புக்கு விடையாகச் சொல்ல இன்று தாபேயிடம் ஒன்றுமே இருந்திராது.